இரண்டு போர்வைக்கு அடியில் ஓர் இடி

வீட்டில் அவனுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். வைத்த அப்பாவே பிற்பாடு அதை மறந்துவிட்டுத் தெருவோடு சேர்ந்து ‘இடி’ என்றுதான் கூப்பிட்டார். பதினாலு வயதில் காலி எண்ணெய் டின்களைக் கவிழ்த்துப் போட்டுக் குச்சியால் சாத்தத் தொடங்கியவனுக்கு வேறு என்ன பெயர் வரும்? முதலில் வசவாகத்தான் விழுந்தது. வசவும் பழகினால் பெயர்தான்.

பிழைப்பு டிங்கர் வேலை. மோதி நசுங்கி வரும் கார்களின் ஒடுக்கை எடுப்பது. தகரத்தின் உள்பக்கம் ஒரு கையால் இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்துக்கொண்டு, வெளிப்பக்கம் மறு கையால் சுத்தியை வைத்துத் தட்டித் தட்டிச் சமன் செய்ய வேண்டும். ஓங்கி அடிக்கிறவன் தகரத்தைக் கிழிப்பான். பயந்து அடிக்கிறவன் பொழுது சாயும்வரை அடித்துக்கொண்டே இருப்பான். இந்தத் தொழிலில் ஒரு குறுக்குவழியும் உண்டு. ஒடுக்கை அப்படியே விட்டுவிட்டுப் பட்டி என்கிற பசையை அதன்மேல் அப்பி, காய்ந்ததும் தேய்த்து, பெயிண்ட் அடித்து அனுப்பிவிடலாம். கண்ணுக்குப் புதுக் கார்தான். இடி அதைச் செய்ய மாட்டான். வேறு எவனாவது செய்திருந்தால் உள்ளங்கையை வைத்து ஒரு தடவு தடவுவான். “இங்க பட்டி போட்டு மூடியிருக்கான்” என்பான். சுரண்டிப் பார்த்தால் அப்படியே இருக்கும். அந்தக் கை பொய் சொன்னதே இல்லை.

இருபத்திரண்டு வயதில் ஒரு பாட்டுக் கோஷ்டி சேர்த்தார்கள். கோஷ்டி என்றால் ஏறக்குறைய ஒரே குடும்பம். பாடியவன் இடியின் சித்தப்பா மகன். சித்தப்பாவுக்கு முதலில் கல்யாணம் ஆகிவிட்டதால் பிள்ளையும் மூன்று மாதம் முந்திக்கொண்டான். ஒடிசலான உடம்பு, உள்ளே ஏழு பேர் குடியிருக்கிற மாதிரிக் குரல். அவனுக்குத் ‘தொண்டை’ என்று பெயர். கிட்டார் வாசித்தவன் அத்தை மகன். பின்னாளில் இடியின் தங்கையையே கட்டிக்கொண்டு மாப்பிள்ளையும் ஆனான். பேஸ் கிட்டார்க்காரனுக்கு மட்டும் ரத்த பாத்தியம் இல்லை. அடுத்த வீட்டுக்காரன். தண்ணீர் நிலையத்தில் பம்பு ஓட்டுகிற வேலை, அதனால் ‘பம்பு’. சொந்தக்காரர்கள் மூன்று பேர் ஓர் அறையில் இருந்தால் சமாதானம் பேச வெளியாள் ஒருத்தன் வேண்டுமே, அதுவும் அவன்தான்.

அவர்கள் வாசித்தது ஹெவி மெட்டல். அந்தத் தெருவில் யாரும் அந்த வார்த்தையையே கேட்டதில்லை. கோஷ்டிக்குத் ‘துரு’ என்று பெயர் வைத்தார்கள். “பகல்லயும் தகரம் தட்டுறான், சாயங்காலமும் தகரம் தட்டுறான், கூலி மட்டும் ஒரு வேளைக்குத்தான் வருது” என்றார் இடியின் அப்பா. மொத்தமே பதினொரு மேடை. ஒரு கல்யாண வரவேற்பில் நாலாவது பாட்டைத் தொடங்கும்போது மண்டபக்காரர் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அது பெரியம்மா மகளின் கல்யாணம். பெரியம்மா கண்ணை மூடுகிறவரைக்கும் அந்த நாலு பேரில் ஒருத்தனிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவர்களிடம் உருப்படியாக ஒரு பாட்டு இருந்தது. ‘பூட்டு’ என்று பெயர். சித்தப்பா வேலை பார்த்த மில்லை ஒரு நாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் பூட்டிவிட்டார்கள். முப்பது வருஷம் உழைத்த மனுஷர், உள்ளே மாட்டி வைத்திருந்த தன் குடையையாவது எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டில் நின்று கேட்டார். அதைக்கூடக் கொடுக்கவில்லை. தொண்டை அதைப் பாட்டாக எழுதினான். ஆறரை நிமிஷம், தலைதெறிக்கிற ஓட்டம். அதில் மூன்று இடங்களில் இடி ஓர் அடியை அடிக்காமல் விடுவான். ஓடுகிற பாட்டு ஒரு கணம் கால் தடுக்கி நிற்கும். அந்தக் காலி இடம்தான் பூட்டு விழுகிற இடம்.

“அடிக்கிறவன் ஆயிரம் பேர் இருக்கான்டா. விடத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்” என்றான் தொண்டை. இடி தன் ஆயுசில் வாங்கிய பாராட்டு அது ஒன்றுதான். அதைப் பத்திரமாக வைத்திருந்தான்.

கேசட் போட ஒரு வீட்டு மாடியில் பதிவு அறை பிடித்தார்கள். ஒரே ஒரு மைக். அறைக்காரர் இடியின் முதல் அடியைக் கேட்டதுமே கையை ஆட்டி நிறுத்தினார். “ஐயோ, அக்கம்பக்கம் குடும்பம் குட்டி இருக்கிற இடம்ப்பா” என்று சொல்லி, பீரோவிலிருந்து இரண்டு கனத்த போர்வைகளை எடுத்து டிரம்ஸ் மேல் போர்த்திவிட்டார். இடி போர்வை மேலேயே வாசித்தான். முந்நூறு கேசட் வந்தது. தொண்டை கேட்கிறான், கிட்டார் கேட்கிறது, பம்புகூடக் கேட்கிறான். இடி அடித்தது மட்டும் யாரோ மொட்டைமாடியில் மெத்தையைத் தூசி தட்டுகிற மாதிரி இருந்தது. அந்த மூன்று காலி இடங்களும் அடிக்காத இடமா, அடித்தும் கேட்காத இடமா என்று கேட்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

“அடுத்த தரம் நல்லா பண்ணிக்கலாம்டா” என்றான் தொண்டை. அடுத்த தரம் வரவே இல்லை. அந்த மழைக்காலத்தில் அவனுக்கு மஞ்சள் காமாலை கண்டது. பதினெட்டே நாள். சித்தி தன் மகனுடைய மைக்கை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மாப்பிள்ளை பள்ளிக்கூட வேன் ஓட்டப் போனான். பம்பு பம்புக்குப் போனான். இடி டிங்கர் கொட்டகைக்குப் போனான். முப்பத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது.

காது போனது மெல்ல மெல்லத்தான். முதலில் பல்லி, அப்புறம் கொதிக்கிற தண்ணீர், அப்புறம் மனைவி. இளவயசு டிரம்ஸ் தின்றது போக மிச்சக் காதைச் சுத்தியும் தகரமும் தின்றன. ஐம்பத்தைந்தில் சுத்தமாகப் போயிற்று. வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டான். எதிராளியின் உதட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டான். படிக்க முடியாத இடத்தில் தானே விடாமல் பேசுவான். பேசுகிறவனைப் பார்த்து யாரும் செவிடன் என்று நினைப்பதில்லை. முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டுத் திரும்பாதபோது “தலைக்கனம் பிடிச்சவன்” என்றார்கள். அது அவனுக்குச் சௌகரியமாகவே இருந்தது. மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். கூப்பிட வேண்டுமென்றால் மேஜையை இரண்டு தட்டு தட்டுவாள். மேஜைமேல் இருக்கும் அவன் கைக்குக் கேட்கும்.

அப்படி இருக்கையில்தான் அந்தப் படக்காரப் பெண் கொட்டகைக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும். பழைய சாமான் கடையில் ‘துரு’ கேசட் அவளுக்குக் கிடைத்ததாம். யாருக்கும் தெரியாமல் போன இந்தக் கோஷ்டியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கப் போகிறாளாம். பம்பைப் பார்த்தாயிற்று, மாப்பிள்ளையைப் பார்த்தாயிற்று, சித்தியைக்கூடப் பார்த்து அழவைத்தாயிற்று. இடி கார் கதவுக்குப் பின்னால் குந்தியிருந்தபடி அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சார், ஒண்ணு கேக்கணும். அந்தக் கேசட்டுல டிரம்ஸ் மட்டும் ஏன் சரியாவே கேக்கல?”

முப்பத்திரண்டு வருஷத்தில் அதைக் கேட்ட முதல் ஆள். இடி கையிலிருந்த சுத்தியைக் கீழே வைத்தான். “போர்வை” என்றான். பிறகு முழுக்கதையையும் சொன்னான்.

அவள் சிரிக்கவில்லை. “நீங்க மூணு பேரும் திரும்ப அந்தப் பாட்டை வாசிக்கணும் சார். படத்தோட கடைசியில அதுதான் வரப்போகுது. பாட ஆள் வேணாம், அவரோட மைக்கை மட்டும் நடுவுல நிறுத்திடலாம். இந்தத் தடவை ஒவ்வொரு டிரம்முக்கும் தனித்தனி மைக்.”

“என்னம்மா சொன்னீங்க?” என்றான் இடி. புரியாமல் கேட்கவில்லை. அந்த வார்த்தைகள் அவள் வாயிலிருந்து வருவதை இன்னொரு தரம் பார்க்க ஆசையாக இருந்தது.

அன்றைக்கு வீட்டில் மனைவி எதிரே வந்து உட்கார்ந்து, முகத்துக்கு நேராகச் சொன்னாள். “அந்தப் பொண்ணுகிட்ட உள்ளதைச் சொல்லிடுங்க. காது கேக்கலைன்னா குறைஞ்சா போயிடுவீங்க?”

“சொன்னா அடுத்த நிமிஷம் வேற ஆளைப் போட்டுடுவாங்க.”

“சொல்லாம போய் எப்படி வாசிப்பீங்க?”

“அடிக்கிறதை நான் எதுக்குக் கேக்கணும்? மத்தவங்க கேட்டா போதாதா? ஒரே ஒரு தரம் என் அடி பதிவாகணும். அவ்வளவுதான்டி எனக்கு வேணும். அதுக்கப்புறம் கண்ணு போனாலும் போகட்டும்.”

“வாயைக் கழுவுங்க” என்றாள் அவள்.

ஒத்திகை அவன் கொட்டகையிலேயே நாலு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. முதல் நாளே இடி ஒரு வழி கண்டுபிடித்துவிட்டான். பம்புவின் பேஸ் ஸ்பீக்கர் பெட்டியைத் தன் ஸ்டூலுக்குப் பின்னால் இழுத்துப் போட்டு, அதில் முதுகு ஒட்டும்படி உட்கார்ந்தான். பம்பு கம்பியைத் தொட்டால் முதுகெலும்புக்குள் தும்தும் என்று இறங்கியது. கண்ணால் மாப்பிள்ளையின் வலது தோளைப் பிடித்துக்கொண்டான். தோளும் முதுகும் சேர்ந்தால் இரண்டு காதுக்குச் சமம்.

“என்ன மச்சான், மாமனார் வீட்டுக்கு வந்த மாதிரி சாய்ஞ்சுக்கிட்டு வாசிக்கிற?” என்றான் மாப்பிள்ளை.

“முதுகு வலிடா மாப்ளே. வயசாகலையா?”

“வயசு எனக்கும்தான் ஆச்சு.” மாப்பிள்ளை கையை விரித்துக் காட்டினான். வேன் ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பிடித்து விரல் மூட்டெல்லாம் இஞ்சிக் கிழங்கு மாதிரி வீங்கியிருந்தது. “பழைய ஓட்டம் ஓடாதே. என் விரல் கட்டாது. கொஞ்சம் மெதுவா போவோம்.”

“ஆறரை நிமிஷத்தை எட்டு நிமிஷமாக்கிட்டோம். இன்னும் மெதுவா போனா தாலாட்டுடா” என்றான் பம்பு.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சேர்ந்து தொடங்கிச் சேர்ந்து முடித்தார்கள். மூன்று காலி இடங்களும் சுத்தமாக விழுந்தன. மூன்றாவது பூட்டில் மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று தங்கை எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். “அண்ணே, அப்படியே அந்தக் காலத்துல கேட்ட மாதிரியே இருந்துச்சு” என்றாள். இடி அவள் உதட்டைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

படப்பிடிப்பு ஒரு பெரிய பதிவுக் கூடத்தில். சொன்னபடியே ஒவ்வொரு டிரம்முக்கும் ஒவ்வொரு மைக் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. இடி எண்ணிப் பார்த்தான், ஒன்பது. நடுவில் சித்தி கொடுத்தனுப்பிய பழைய மைக் தனியாக நின்றது. இடி தன் ஸ்டூலில் போய் உட்கார்ந்து முதுகைப் பின்னால் சாய்த்தான். அங்கே ஒன்றும் இல்லை.

ஒலிப்பதிவுக்காரர் வந்து விளக்கினார். ஸ்பீக்கர் பெட்டிகள் எல்லாம் பக்கத்து அறைக்குள் போய்விட்டன. இங்கே இருந்தால் டிரம்ஸ் மைக்கில் அந்தச் சத்தம் கலந்துவிடும். “உங்க சத்தம் சுத்தமா வரணும்னுதான் சார்” என்று ஒரு ஹெட்போனை எடுத்து இடியின் தலையில் மாட்டிவிட்டார். அதற்குள் பம்பும் மாப்பிள்ளையும் வாசிக்கிற கிட்டார்கள் ஓடிக்கொண்டிருந்திருக்கும். இடிக்கு அது காதைக் கவ்விய இரண்டு ரப்பர் மூடி.

“எனக்கு முதுகு வலிங்க. சாய்ஞ்சுக்க அந்தப் பெட்டி…”

படக்காரப் பெண் பதறிப்போனாள். “ஐயோ, முதல்லயே சொல்லக்கூடாதா சார்?” என்று ஆளை ஓடவிட்டாள். இரண்டே நிமிஷத்தில் மெத்தென்று முதுகுச் சாய்ப்பு வைத்த நாற்காலி வந்தது. கூடவே ஒரு தலையணையும். அவளே அதை அவன் முதுகுக்குக் கொடுத்துச் சரிசெய்துவிட்டாள். ஒருத்தர் இவ்வளவு அன்பாக இருக்கும்போது என்ன சொல்ல முடியும்?

இன்னும் தோள் இருக்கிறது என்று மாப்பிள்ளையைத் தேடினான். மாப்பிள்ளைக்கும் அவனுக்கும் நடுவில் கேமராக்காரர் கால் பரப்பி நின்றுகொண்டிருந்தார்.

அந்தக் கணத்தில் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் இந்த ஒன்பது மைக்கும் யாருக்கோ போய்விடும். பெண் கையை இறக்கினாள். இடி குச்சிகளை ஓங்கினான்.

முதுகும் தோளும் இல்லாதவனுக்கு ஞாபகம்தான் மிச்சம். ஞாபகத்துக்கு மூட்டு வீக்கம் கிடையாது. அது முப்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தின ஓட்டத்திலேயே ஓடியது. தொண்டை பக்கத்தில் நின்று கத்துகிற மாதிரி இருந்தது. முதல் பூட்டு, இரண்டாவது பூட்டு, மூன்றாவது. கடைசி அடியை அடித்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, முகமெல்லாம் வியர்வையும் சிரிப்புமாக நிமிர்ந்தான்.

கேமராக்காரர் நகர்ந்திருந்தார். மாப்பிள்ளை குனிந்த தலையோடு இன்னமும் வாசித்துக்கொண்டிருந்தான். பம்பு கம்பியில் விரல் அப்படியே நிற்க, வாயைப் பிளந்து இடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டில் இன்னும் ஒன்றரை நிமிஷம் பாக்கி இருந்தது.

இன்னும் மூன்று தரம் எடுத்தார்கள். மெதுவாகப் போக வேண்டும் என்று நினைத்து நினைத்து அடித்ததில் ஒரு தரம் மாப்பிள்ளை முடித்ததற்கு அப்புறம் போய் நின்றான். இன்னொரு தரம் எங்கே நின்றான் என்று அவனுக்கே தெரியவில்லை. கடைசியில் பெண் கைதட்டினாள். “சூப்பர் சார், போதும்” என்றாள். ‘போதும்’ என்கிற வார்த்தையை உதட்டில் படிப்பது ரொம்பச் சுலபம்.

திரும்பி வரும்போது வேனில் இடி பின் சீட்டில் இருந்தான். ஓட்டுகிறவன் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் மாப்பிள்ளையின் வாய் மட்டும் தெரிந்தது.

“உனக்கு எப்பவும் இதே புத்திதான் மச்சான். நீ மட்டும் தனியா தெரியணும். என் விரலைக் காட்டித்தானே சொன்னேன்? உனக்குச் சொல்றதும் செவிடன் காதுல சங்கு ஊதுறதும் ஒண்ணுதான்.”

பம்பு ஏதோ சமாதானம் சொன்னான். அவன் முகம் அந்தப் பக்கம் இருந்ததால் என்னவென்று தெரியவில்லை. இடி கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தான். “கை ஓடிடுச்சுடா மாப்ளே” என்றான். செவிடன் என்று ஆவதைவிடத் திமிர் பிடித்தவன் என்று ஆவது அவனுக்கு லேசாக இருந்தது.

வீட்டில் மனைவி மேஜையை இரண்டு தட்டு தட்டினாள். என்ன ஆயிற்று என்று அர்த்தம்.

“நல்லா வந்துச்சு” என்றான்.

அதற்குப் பிறகு தங்கை வருவது நின்றுபோயிற்று. வழியில் பார்த்தால் “நல்லா இருக்கியாண்ணே” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போவாள். எட்டு மாதம் கழித்துப் படம் முடிந்துவிட்டதாக ஓர் ஆள் வந்து சொன்னான். ஒரு சனிக்கிழமை மத்தியானம், அறுபது நாற்காலி போட்ட சின்னக் கூடம். இடி இஸ்திரி போட்ட சட்டையில் மனைவியோடு முன்வரிசையில் உட்கார்ந்தான். அந்தக் கோடியில் மாப்பிள்ளையும் தங்கையும் பம்புவும். அங்கிருந்து யாரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

படம் ஓடியது. தொண்டையின் முகம் சுவர் அளவுக்கு வந்தது. சித்தி பேசினாள், அழுதாள். மாப்பிள்ளை வேன் கதவைத் திறந்து பிள்ளைகளை இறக்கினான். இடி தகரத்தைத் தடவினான். அப்புறம் அந்தக் கூடம், அந்த ஒற்றை மைக். ‘பூட்டு’ தொடங்கியது.

இடி திரையையே பார்த்தான். மாப்பிள்ளையின் விரல் வந்தது, பம்புவின் விரல் வந்தது. இவனுடைய முகம் வந்தது, தோள் வந்தது, தூரத்திலிருந்து மூன்று பேரும் வந்தார்கள். கடைசியில் இடி கையைத் தூக்கினான்; அதே நேரத்தில் மாப்பிள்ளையும் கிட்டாரை நிறுத்தினான்; பம்புவும் நிறுத்தினான். மூன்றும் ஒன்றாக.

இடி நாற்காலி நுனிக்கு வந்தான். நாலு தரத்தில் ஒரு தரம் சரியாகத்தான் வந்திருக்கிறது! மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆட்கள் எழுந்து கைதட்டினார்கள். பெயர்கள் ஓடத் தொடங்கியதும் அதே பாட்டு மறுபடி முதலிலிருந்து ஓடுவதாக மனைவி சைகை காட்டினாள்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. பாட்டு முழுக்க அவன் கை டிரம்ஸில் விழுவதை ஒரு தரம்கூடக் கிட்டத்தில் காட்டவில்லை.

எழுந்தான். சுவரோரம் ஆள் உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி நின்றது. அதன் பக்கவாட்டில் வலது உள்ளங்கையை வைத்தான், கார் கதவில் வைக்கிற மாதிரி.

அடி வந்தது. நல்ல அடி. சீரான அடி. ஒன்றுகூடப் பிசகவில்லை, மாப்பிள்ளையின் வீங்கிய விரலுக்குத் தக்கபடி மெதுவாக, பொறுமையாக. இடி காத்திருந்தான். முதல் பூட்டு வர வேண்டிய இடம் வந்தது. அங்கே காலி இல்லை. அந்த இடத்திலும் ஓர் அடி, மற்ற அடிகளைப் போலவே, வழவழவென்று. இரண்டாவது இடத்துக்கும் காத்திருந்தான். அதுவும் நிறைந்திருந்தது. மூன்றாவதுவரைக்கும் கையை எடுக்கவில்லை.

ஒடுக்கை எடுக்கவில்லை. பட்டி போட்டு மூடியிருக்கிறார்கள்.

கையை எடுத்துக்கொண்டு திரும்பினான். மாப்பிள்ளை இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். பெட்டியில் கை வைத்ததை அவன் பார்த்திருக்க வேண்டும். முப்பத்தைந்து வருஷமாகப் பழகிய கை. அது எதற்குத் தடவும் என்று அவனுக்குத் தெரியாதா? வேறோர் ஆளை உட்கார வைத்து வாசிக்கச் சொன்னபோது கூடவே இருந்து கிட்டார் வாசித்தவனும் அவன்தானே.

“நல்லாத்தான் வாசிச்சிருக்கான்” என்றான் இடி. “யாரு, சின்ன வயசுப் பையனா?”

மாப்பிள்ளையின் முகம் சுருங்கியது. அந்தக் கையையும், அது வைத்திருந்த பெட்டியையும், இடியின் காதையும் மாறி மாறிப் பார்த்தான். ஒவ்வொன்றாக அவனுக்குள் சேர்ந்து வருவது தெரிந்தது. கொட்டகையில் முதுகுக்குப் பின்னால் இழுத்துப் போட்ட பெட்டி, வேன் கண்ணாடி, சங்கு. பிறகு தலையைக் குனிந்துகொண்டான். குனிந்தபடியே ரொம்ப நேரம் பேசினான். தோள் குலுங்கியது. நெற்றியும் நரைத்த முடியும்தான் தெரிந்தன, உதடு தெரியவில்லை.

“தலையை நிமிர்த்திச் சொல்லுடா” என்று சொல்லியிருந்தால் நிமிர்த்தியிருப்பான். இடி சொல்லவில்லை. அவன் பேசி முடிக்கும்வரை நின்றான். முடித்துவிட்டான் என்று தோன்றியதும் “சரிடா” என்றான்.

மனைவி சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். மேடைக்குக் கூப்பிடுகிறார்களாம். அவனும் மாப்பிள்ளையும் போய்ப் பம்புவோடு நின்றார்கள். அறுபது ஜோடிக் கைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன, போர்வைக்கு அடியில் மோதுகிற மாதிரி. இடி கும்பிட்டான்.

திங்கட்கிழமை ஒரு கார் வந்தது. இடது பக்கக் கதவில் நீளமாக ஒடுக்கு. உரிமையாளர் அவசரக்காரர், பட்டியைப் போட்டு மூடிக் கொடுத்துவிடுங்கள், வெளியே தெரியாவிட்டால் போதும் என்றார். இடி அவர் உதட்டைப் பார்த்தான். சரி என்று தலையை ஆட்டினான். பட்டி டப்பாவைத் திறந்தான்.